உரிமையோடு சேர்ந்து வந்த கூரை

"எங்கள் ஆட்களுக்கு அரசாங்கத்தின் காசு தேவையில்லை, நாங்களே சேர்ந்து எல்லாவற்றையும் செய்துகொள்வோம்" என்ற பேச்சு லண்டனில் தமிழர் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. அண்மையில் ஒரு பழைய மாணவர் சங்க விருந்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த தம்பி ஒருவர் இதைச் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கணக்காய்வுத் துறையில் நல்ல பதவியில் இருப்பவர். பெருமையோடுதான் சொன்னார், அந்தப் பெருமைக்குக் காரணமும் இருக்கிறது. இந்த நகரத்தில் கோயில் எழுப்பியவர்களில் எத்தனையோ பேர் பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்தவர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் போக்குவரத்துச் செலவுகூட வாங்காமல் ஆண்டுக்கணக்காகப் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் நடத்திப் பழகிய கைகள் இங்கும் சும்மா இருக்கவில்லை. எல்லாம் உண்மை. இருந்தும் அந்தத் தம்பியின் வார்த்தை எனக்குச் செரிக்கவில்லை.

இதே எண்ணத்தை 2010 ஜூலை 19 அன்று லிவர்பூலில் வைத்து, அப்போதைய பிரதமர் டேவிட் கமரன் அரசாங்கக் கொள்கையாகவே விளக்கினார். 'பிக் சொசைட்டி', பெரிய சமூகம், என்று அதற்குப் பெயர். அதிகாரம் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் குவிந்து கிடக்கக் கூடாது, நூலகத்தையும் பூங்காவையும் ஊரவர்களே பொறுப்பெடுக்கலாம், அரசு விலகி நின்றால் சமூகம் முன்னுக்கு வரும் என்பது அதன் சாரம். லிவர்பூல், கம்பிரியாவின் ஈடன் பள்ளத்தாக்கு, வின்சர்-மெய்டன்ஹெட், சட்டன் ஆகிய நான்கு இடங்கள் முன்னோடிகளாகத் தெரிவாயின. ஏழு மாதம் நிறைவதற்குள், 2011 பெப்ரவரியில், லிவர்பூல் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சிச் சபையின், தலைவர் ஜோ அண்டர்சன் தங்கள் நகரம் விலகுகிறது என்று அறிவித்தார். நிதி வெட்டுக்குப் பிறகு தொண்டு அமைப்புகளை எதைக்கொண்டு தாங்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. 2025 ஜூலையில் இன்னொரு கட்சியின் அரசு, இங்கிலாந்துக்கான அதிகாரப் பகிர்வையும் சமூக வலுவூட்டலையும் பற்றிய சட்டமூலம் ஒன்றை நாடாளுமன்றத்தில் வைத்தது. சமூகத்துக்கு அதிகாரம், ஊருக்கு உரிமை என்ற சொற்கள் மறுபடியும் செய்திகளில் வருகின்றன. அவற்றைக் கேட்கும்போதெல்லாம் நாங்கள் இழந்த ஒரு மண்டபம்தான் என் நினைவுக்கு வருகிறது.

மண்டபமும் அலுவலரும் சில ஆயிரம் பவுண்களும்

வடமேற்கு லண்டனில் எங்கள் முதியோர் ஒன்றுகூடல் வியாழக்கிழமைகளில் நடந்தது. கவுன்சிலுக்குச் சொந்தமான ஒற்றைத்தளக் கட்டடம். உள்ளே பெரிய சமையலறை, சுவரோரம் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் கதிரைகள், எப்போதும் கொஞ்சம் ஈர வாடை. 1990களில் பிள்ளைகளின் பின்னால் இந்த நாட்டுக்கு வந்த தாய் தகப்பன்மார்தான் பெரும்பாலும் வருவார்கள். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பூட்டிய வீட்டுக்குள் தொலைக்காட்சியோடு இருப்பவர்கள். காலையில் ஆறேழு பேர் வந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும் வைப்பார்கள். அவர்களில் எவரும் சம்பளம் வாங்கவில்லை. அந்த அளவில் விருந்திலிருந்த தம்பி சொன்னது சரிதான்.

ஆனால் அந்தச் சமையலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. மண்டபத்துக்குக் கவுன்சில் பெயரளவிலான வாடகையே வாங்கியது. ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண் மானியம் வரும். காப்புறுதி, நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்கும் வானின் செலவு, வாரத்தில் ஒன்றரை நாள் வேலை செய்யும் இணைப்பாளரின் சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடின. இணைப்பாளருடைய வேலை என்ன என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. சாப்பாடு முடிந்ததும் மூலையில் ஒரு மேசையைப் போட்டு உட்காருவார். ஒரு மாமி புடவைக்கடைப் பை நிறையத் தபால் உறைகளைக் கொண்டுவந்து அந்த மேசையில் கொட்டுவார். பல உறைகள் திறக்கப்படாமலே இருக்கும். ஆங்கிலக் கடிதம் என்றாலே அவருக்குப் பயம், பிள்ளைகளைக் கேட்டால் அலுத்துக்கொள்வார்கள் என்ற கூச்சம் வேறு. உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, விளம்பரத்தை ஒருபக்கம், கவுன்சில் வரியை ஒருபக்கம், வைத்தியசாலைக் கடிதத்தை ஒருபக்கம் என்று இணைப்பாளர் பிரிப்பார். ஒருநாள் அந்தக் குவியலுக்குள்ளிருந்து கண் சத்திரசிகிச்சைக்கான கடிதம் வெளிவந்தது. குறித்த திகதி கடந்துபோய்விட்டிருந்தது. அங்கேயே தொலைபேசியை எடுத்துப் பேசி, வேறு திகதி வாங்கிக் கொடுத்தார். இதைச் சமைக்க வந்த தொண்டர்களால் செய்ய முடியாதா என்றால், சில வாரம் முடியும். வாராவாரம், அதே ஆள், அதே மேசை, எவருடைய கடிதம் எங்கே நிற்கிறது என்ற ஞாபகத்தோடு செய்வதற்குச் சம்பளம் வேண்டும்.

இணைப்பாளருக்குப் பின்னால் கவுன்சிலில் ஒரு அலுவலர் இருந்தார். தொண்டு அமைப்புகளோடு தொடர்பாடுவதே அவருடைய பொறுப்பு. ஆங்கிலேயப் பெண்மணி, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எங்கள் மானிய விண்ணப்பத்தின் முதல் வரைவை அனுப்பினால் ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பித் தருவார்: இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதாது, வந்ததால் என்ன மாறியது என்று எழுதுங்கள், கணக்கறிக்கையில் இந்த வரி விடுபட்டிருக்கிறது, வாகனக் காப்புறுதி முடியப்போகிறது. பக்கத்துத் தெருவில் சோமாலியப் பெண்களின் சங்கத்துக்கும், குஜராத்தி முதியோர் சங்கத்துக்கும் இதையே செய்தார். எங்களில் ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்தியதும் அவர்தான்.

பணம் எந்த வழியால் போனது

2010 ஒக்ரோபரில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போன் செலவின மீளாய்வை வெளியிட்டார். உள்ளூராட்சிக்கு மத்திய அரசு கொடுக்கும் பணம் நான்கு ஆண்டுகளில் கால் பங்குக்கு மேல் குறையும் என்பது அதிலிருந்த ஒரு வரி. வெட்டு அதோடு நிற்கவில்லை. தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் 2018 அறிக்கைப்படி, 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் கவுன்சில்களுக்கான மத்திய அரசின் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 49.1 விழுக்காடு குறைந்தது. கவுன்சில் வரி வருமானத்தையும் சேர்த்தாலும் செலவிடும் ஆற்றல் 28.6 விழுக்காடு சுருங்கியது.

அந்த வெட்டு எங்கள் வியாழக்கிழமை வரைக்கும் வந்த வழியைப் பார்க்க வேண்டும். கவுன்சில் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் விதித்த கடமைகள் இருக்கின்றன: ஆபத்திலிருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு, பெரியவர்களுக்கான பராமரிப்பு, வீடற்றோருக்கான தங்குமிடம். அவற்றைத் தொட முடியாது. அவற்றின் தேவையோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே வெட்டு முழுப் பாரத்தோடும் கட்டாயமில்லாதவற்றின் மேல் விழுகிறது. நூலகம், இளைஞர் நிலையம், பூங்கா, தொண்டு அமைப்புகளுக்கான மானியம். தொண்டு அமைப்புகளின் மேல் அளவுக்கு மிஞ்சி வெட்டாதீர்கள், வெட்டுவதானால் மூன்று மாதமாவது முன்னறிவித்தல் கொடுங்கள் என்று 2011 செப்டெம்பரில் மத்திய அரசே கவுன்சில்களுக்கு வழிகாட்டல் அனுப்பியது. பணத்தைக் குறைத்த கையாலேயே இந்த அறிவுரையையும் எழுதினார்கள். எங்கள் பகுதியில் அந்த அலுவலருடைய பதவி முதற்சுற்றிலேயே நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மானிய விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்க ஆளில்லை. அதற்கடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதற்கு மானியமே இல்லை.

இதே காலத்தில்தான், 2011 நவம்பரில், லோக்கலிசம் சட்டம் நிறைவேறியது. ஊருக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் என்று அன்றைய உள்ளூராட்சி அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அதை முன்னெடுத்தார். அதில் நல்ல பகுதிகள் இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே சட்டத்துக்குள் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. கவுன்சில் வரியை மத்திய அரசு குறிக்கும் எல்லைக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், கவுன்சில் தன் சொந்தச் செலவில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி வெல்ல வேண்டும். 2017இல் சறே கவுன்சில் 15 விழுக்காடு உயர்த்த வாக்கெடுப்பு நடத்தப்போவதாகச் சொல்லி, சில வாரங்களிலேயே பின்வாங்கியது. மேலிருந்து வரும் பணத்தைக் குறைத்தாயிற்று, கீழிருந்து திரட்டும் வழிக்கும் மத்திய அரசே பூட்டுப் போட்டது, சாவியையும் தானே வைத்துக்கொண்டது. உள்ளூர் அதிகாரம் என்று எதைச் சொன்னாலும், தன் வரியைத் தானே தீர்மானிக்க முடியாத சபைக்கு அதிகாரம் இருக்கிறது என்று நான் ஒப்ப மாட்டேன்.

குத்தகைப் பத்திரம்

ஒரு மாலை எங்கள் நிர்வாகக் குழுவைக் கவுன்சில் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். சொத்துப் பிரிவிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். மண்டபத்தை இனிக் கவுன்சில் நடத்தாது, சமூகத்திடமே கையளிக்க விரும்புகிறது, இருபத்தைந்து ஆண்டுக் குத்தகை, வாடகை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றார். எங்கள் குழுவில் இருந்த அக்கா ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் பிறர் கட்டடத்தில் ஒதுங்கி நின்றோம், இனி எங்களுக்கென்று ஓர் இடம், வாசலில் தமிழில் பெயர் எழுதலாம் என்றார். அகதியாக வந்தவர்களுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் மனம் பொங்கியது.

எங்கள் சங்கத் தலைவர் ஊரில் தபாலதிபராக இருந்தவர். எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதவர். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வாசித்தார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பக்கங்களின் ஓரங்களில் சிறு காகிதத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார். கட்டடத்தின் உள்ளும் புறமும், கூரையும் அத்திவாரமும் உட்பட, பழுதுபார்க்கும் பொறுப்பு முழுவதும் குத்தகைக்காரருடையது. பாய்லர், மின்சாரப் பரிசோதனை, தீயணைப்பு ஏற்பாடு, கட்டடக் காப்புறுதி எல்லாம் எங்கள் தலையில். பின்னிணைப்பில் கவுன்சிலே எடுப்பித்த கட்டட நிலை அறிக்கை இருந்தது. கூரையில் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, சில ஆண்டுகளுக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மதிப்பிட்ட தொகை எங்கள் பழைய மானியத்தைப் போல் பல மடங்கு.

தலைவர் அந்த இளைஞரிடம் சத்தம் போடாமல் கேட்டார்: "தம்பி, இன்றைக்கு இந்தக் கூரை விழுந்தால் யார் பொறுப்பு?" கவுன்சில் என்றார் அவர். "கையெழுத்து வைத்த பிறகு?" நீங்கள்தான் என்றார். "கவுன்சில் ஏன் இவ்வளவு காலமும் திருத்தவில்லை?" நிதி இல்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, தன்னுடைய வேலையும் மார்ச் மாதத்தோடு முடிகிறது என்றார்.

எனக்கு எல்லாம் துலங்கியது அந்த இடத்தில்தான். எவரும் எங்களை ஏமாற்ற வரவில்லை. அந்த இளைஞர் தன்னால் ஆன மட்டும் ஒரு கட்டடத்தை மூடப்படாமல் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் இந்த ஏற்பாட்டில் மேலிருந்து கீழே இறங்கியது அதிகாரம் இல்லை, பாரம்தான். மத்திய அரசு பற்றாக்குறையைக் கவுன்சிலிடம் கொடுத்தது, கவுன்சில் அதைக் கூரையோடு சேர்த்து எங்களிடம் கொடுத்தது. எங்களுக்குக் கீழே கொடுப்பதற்கு எவரும் இல்லை. பதினொரு மணிக்கு வந்து பருப்புச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு வானில் ஏறிப்போகும் எண்பது வயதுக்காரர்கள்தான் இருந்தார்கள்.

குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. வர்த்தகர்களிடம் சேர்க்கலாம், கலைவிழா வைக்கலாம் என்று சிலர் வாதாடினார்கள். திருமணத்துக்கு மண்டபத்தை வாடகைக்கு விடலாம் என்றார்கள். அறங்காவலர்களாகப் பதிவாகியிருந்தவர்களின் குடும்பத்தவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள்: விபத்து நடந்தால் எங்கள் வீட்டைப் பிடிப்பார்களா? அதற்கு உறுதியாகப் பதில் சொல்லச் சட்டத்தரணி வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். கடைசியில் கையெழுத்து வைக்கவில்லை. மண்டபம் மூடப்பட்டு, விற்கப்பட்டு, அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது.

யாருக்குக் கைகூடியது

லோக்கலிசம் சட்டத்தால் எவருக்கும் நன்மை இல்லை என்று எழுதினால் அது பொய். தெற்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற மதுக்கடையை அந்தப் பகுதி மக்கள் 2013இல் தாங்களே வாங்கினார்கள். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தி இந்த நாட்டில் முதலில் வாங்கப்பட்ட கட்டடங்களில் அது ஒன்று. அந்தச் சட்டப்படி, ஒரு கட்டடம் சமூகப் பெறுமதியுள்ளது என்று கவுன்சிலின் பட்டியலில் ஏறிவிட்டால், அது விற்பனைக்கு வரும்போது ஊரவர்கள் ஆறு வாரத்துக்குள் விருப்பம் தெரிவிக்கலாம், பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். ஆனால் உரிமையாளர் அவர்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆறு மாதத்தில் லண்டனில் ஒரு கட்டடத்தின் விலையைத் திரட்டக்கூடிய ஊர் எப்படிப்பட்ட ஊர்? வங்கியாளரும் கட்டடக் கலைஞரும் சட்டத்தரணியும் ஒரே தெருவில் குடியிருந்து, மாலை நேரம் மிச்சமும் இருக்கும் ஊர். இரண்டு வேலை பார்க்கிறவர்கள் வாழும் தெருவில் மனிதருக்கு நல்ல மனம் குறைவில்லை. நேரமும் பரிச்சயமும்தான் இல்லை.

சேவையைப் பொறுப்பெடுக்கக் கேட்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. கவுன்சில் நடத்தும் ஒரு சேவையை நாங்கள் இதைவிட நன்றாக நடத்துவோம் என்று ஒரு சங்கம் எழுதிக் கொடுக்கலாம். கவுன்சில் அதை ஏற்றால் என்ன நடக்கும்? அந்தச் சேவை சங்கத்துக்கு வராது. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரப்படும். யாரும் போட்டியிடலாம், பெரிய தனியார் நிறுவனமும் வரலாம். சங்கம் தன் யோசனையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போட்டியில் தோற்றுப்போக முழு வாய்ப்பும் இருக்கிறது. எங்கள் பகுதியில் மானியம் நின்ற பிறகு முதியோர் சேவைக்கு ஒரே ஒப்பந்தம் என்று வந்தது. மூன்று ஆண்டுக் கணக்கறிக்கை, தர மேலாண்மைச் சான்றிதழ், பெரிய தொகைக்குக் காப்புறுதி எல்லாம் கேட்டார்கள். முன்பு ஒருவர் விழாவுக்கு மற்றவர் போய்வந்த சோமாலியச் சங்கமும் குஜராத்திச் சங்கமும் நாங்களும், யார் யாரோடு சேர்ந்து விண்ணப்பிப்பது என்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டோம். அந்த அலுவலர் ஆண்டுக்கணக்காகக் கட்டிய உறவு அது. அந்த இழப்பு எந்தச் செலவு அறிக்கையிலும் இல்லை.

வெம்பிளியைச் சுற்றியிருப்பவர்களுக்கு பிரெண்ட் கவுன்சிலின் நூலகங்களின் கதை தெரியும். 2011இல் கவுன்சில் ஆறு நூலகங்களை மூடியது. அவற்றில் ஒன்றான கென்சல் ரைஸ் நூலகத்தை 1900இல் திறந்துவைத்தவர் எழுத்தாளர் மார்க் ட்வெய்ன். ஊரவர்கள் வழக்குப் போட்டு, மேன்முறையீடும் செய்து தோற்றார்கள். அப்படியும் விடவில்லை. பிரெஸ்டன் நூலகத்தையும் பாராம் நூலகத்தையும் தொண்டர்கள் மீண்டும் உயிர்ப்பித்தார்கள், கென்சல் ரைஸில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கட்டடத்தின் ஒரு பகுதியில் நூலகம் திரும்பியது. அவர்களை நான் தலைவணங்கிப் பார்க்கிறேன். அதேவேளை, அந்த மனிதர்களின் ஆண்டுகளை நினைத்தால் கோபமும் வருகிறது. ஏற்கெனவே இருந்த ஒன்றை மறுபடி இருக்கச் செய்வதற்கே அத்தனை உழைப்பும் போயிற்று.

சிறு சங்கங்களுக்கு உண்மையில் கேடயமாக நின்றது, முடிவெடுக்கும் முன் அதனால் சிறுபான்மையினருக்கு வரும் பாதிப்பை ஆராயக் கடமைப்படுத்திய பழைய சமத்துவச் சட்டம்தான். 2008இல் ஈலிங் கவுன்சில் நிதியை மாற்ற முயன்றபோது வன்முறைக்கு ஆளான கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு உதவும் சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பக்கம் நின்றவர்கள் அந்தச் சட்டத்தைப் பிடித்துத்தான் நீதிமன்றத்தில் கவுன்சிலைப் பின்வாங்க வைத்தார்கள். 2011 ஜனவரியில் லண்டன் கவுன்சில்களின் கூட்டமைப்பு மானியங்களை வெட்டியபோதும், பாதிப்பைச் சரியாக ஆராயாமல் எடுத்த முடிவு செல்லாது, திரும்ப எடுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பேசப்படாத பழைய கடமை ஒன்று, மேடையில் முழங்கிய புதிய உரிமைகளைவிட எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக உழைத்திருக்கிறது.

எங்கள் ஒன்றுகூடல் நிற்கவில்லை. மாதத்தில் இரண்டு முறை, ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில், சந்தைக்கு நெருங்கிய வாடகையில் நடக்கிறது. சமைக்கிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். வான் இல்லை, அதனால் பிள்ளைகள் கொண்டுவந்து விடக்கூடியவர்கள் மட்டும் வருகிறார்கள். தனியே இருப்பவர்களுக்காகத் தொடங்கிய சங்கத்தில் தனியே இருப்பவர்கள்தான் இப்போது குறைவு. மூலை மேசை போடப்படுவதில்லை.

2025இல் வந்த புதிய சட்டமூலம் ஊரவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமையையும், ஆறு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாத அவகாசத்தையும் கொடுக்க முன்வந்தது. பழையதைவிட நல்லது. வாங்கிய பிறகு நடத்துவது எப்படி என்பதுதான் எங்கள் கேள்வி. நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சங்கத்தின் பெயரில் எழுதினோம். கட்டடம் கேட்கவில்லை. ஒரு அரைநேர இணைப்பாளரின் சம்பளம், மூன்று ஆண்டுக்கு உறுதியாக. சிறு சங்கங்களின் விண்ணப்பங்களுக்கும் கணக்குகளுக்கும் உதவக் கவுன்சிலில் ஒரு அலுவலர். சமூகத்திடம் கையளிக்கும் எந்தக் கட்டடத்தையும் கூரை திருத்திய பிறகே கையளிக்க வேண்டும் என்ற விதி. அது உள்ளூர்க் கவுன்சிலின் தீர்மானத்துக்கு உரியது என்று பதில் வந்தது. கவுன்சிலுக்கு எழுதினோம், அது மத்திய அரசின் ஒதுக்கீட்டைப் பொறுத்தது என்று அவர்கள் எழுதினார்கள். இரண்டு கடிதங்களையும் பிரதியெடுத்து, ஒன்றை மற்றவருக்கு அனுப்பி, இரு தரப்பையும் ஒரே நாளில் தேவாலய மண்டபத்துக்கு அழைத்திருக்கிறோம். சோமாலியச் சங்கமும் குஜராத்திச் சங்கமும் வர ஒப்புக்கொண்டிருக்கின்றன. விருந்தில் சந்தித்த தம்பியையும் எங்கள் கணக்குகளை எடுத்து வைக்கக் கேட்டிருக்கிறேன்.